துரைக்குப் பிடித்த புளிக்குழம்பு

1

போன வாரம் கந்தையா என் மேசையருகே வந்து நின்றார். கந்தையா யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் தலைமைக் குமாஸ்தா. இந்தப் பினாங்குத் துறைமுக ஆபீஸில் எனக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள். அவர் தமிழும் என் தமிழும் ஒன்றல்ல என்றாலும் சண்டை போடுகிற அளவுக்குப் புரியும்.

"விருந்து வருது. துரை இப்பவே கேட்கத் தொடங்கிட்டார். போன வருஷம் கொண்டு வந்த அதே குழம்பைத்தான் நீர் கொண்டுவர வேணுமாம்" என்றார்.

"அதே குழம்பு வராது" என்றேன்.

"ஏன், மனிசிக்குச் சுகமில்லையோ?"

"வீட்டுக்காரி நல்லாத்தான் இருக்கா. வேற ஏதாவது கொண்டு வாரேன்."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனார். மேலதிகாரி ஒரு பண்டத்தைப் பேர் சொல்லிக் கேட்டு, அதைக் கொடுக்க முடியாது என்கிற குமாஸ்தாவை அவர் தம் உத்தியோக காலத்தில் பார்த்திருக்க மாட்டார். அவரிடம் விளக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்து இதை வாசிக்கப் போகிற உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கு அரை வார்த்தையில் புரிந்துவிடும், இங்கே முழு நாள் உட்கார்ந்து சொன்னாலும் ஒருவருக்கும் புரியாது.

இந்த விருந்து எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் துரைக்குக் காரம் என்றால் உயிர். மற்ற வெள்ளைக்காரர்கள் வெந்த உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டிருக்க, இவர் மட்டும் பச்சை மிளகாயை நறுக்கித் தட்டோரத்தில் வைத்துக்கொள்வாராம். போன வருஷம் கடற்கரையில் எங்கள் ஆபீஸுக்குப் புதுக் கட்டடம் கட்டத் தொடங்கினார்கள். கீழ்த்தளம் முடிந்ததும் அதில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் கூடிச் சாப்பிட வேண்டும், குமாஸ்தாக்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டில் செய்த காரமான பதார்த்தம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். விருந்துக்கும் உத்தரவு போடுகிற ஊர் இது.

2

அந்தச் சமயத்தில் நான் ஊருக்குப் போக ரஜாவுக்கு அலைந்துகொண்டிருந்தேன்.

என் மனைவி வடிவு ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள், தாய்க்கு ஒரே மகள். கல்யாணமான மறு வருஷம் கப்பலேறி வந்தவள் அதற்குப் பிறகு தாயைப் பார்க்கவில்லை. அவள் தாயாருக்கு, அதாவது என் அத்தைக்கு, கால் வீங்கி நடமாட்டம் குறைந்துவிட்டது என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை தவறாமல், எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலை ஏறிப் பெருமாளைச் சேவிக்கிறவர். அந்த வருஷம் அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து வடிவு வேறு எதுவும் பேசுவதில்லை. "ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம். அம்புட்டுதான்" என்பாள். சோறு போடும்போது சொல்வாள், பாய் விரிக்கும்போது சொல்வாள்.

நான் மனு எழுதினேன். காரணம் போதாது என்று திரும்பி வந்தது. வியாதி என்று காரணம் எழுதி மறுபடி கொடுத்தேன். உன் தாயாரா, மனைவியின் தாயாரா என்று கேட்டு வந்தது. மனைவியின் தாயார் என்று எழுதினேன். அது நெருங்கிய உறவு ஆகாது என்று பதில் வந்தது. இங்கிலீஷில் மாமியாரைச் சட்டப்படி அம்மா என்றுதான் சொல்கிறார்கள். ரஜாச் சட்டத்தில் மட்டும் அவர் அம்மா இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் மசிக்கூட்டைக் கவிழ்த்துவிட்டேன், அதற்கும் ஒரு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கந்தையாதான் வழி சொன்னார். "காகிதத்தில கேட்டா காகிதத்திலதான் பதில் வரும். துரையிட்ட நேரில கேளும். விருந்தண்டைக்கு வாய் எரிஞ்சு சந்தோஷமா இருப்பார். அந்த நேரம் பாத்துக் கேளும்."

அதை வீட்டில் போய்ச் சொன்னேன். வடிவு முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

"அப்ப என்ன கொழம்பு வைக்கணும்?" என்றாள்.

3

என்ன வைப்பது என்று முடிவு செய்ய ஒரு வாரம் ஆயிற்று. ஒரு கல்யாணத்தை இதைவிடச் சீக்கிரம் பேசி முடித்திருக்கலாம்.

கோழிக் குழம்பு என்றேன் நான். கந்தையா சைவம், தொட மாட்டார். மலாய்க்காரர் அகமது தங்கள் ஆள் அறுத்த கோழியாக இருந்தால்தான் சாப்பிடுவார். கருவாட்டுக் குழம்பு என்று ஒரு யோசனை வந்தது. "புதுக் கட்டடம்ங்கீக. சுண்ணாம்பு காயுமுன்ன கருவாட்டு வாசம் ஏறிட்டா ஒங்களைத்தான் வைவாக" என்றாள் வடிவு. மிளகாய்ப் பொடியும் இட்லியும் என்றால், துரை கையால் தொட்டுச் சாப்பிடுவாரா என்று சந்தேகம்.

எங்கள் மகள் செல்லம் இங்கேயே பிறந்தவள். தெருப் பிள்ளைகளோடு மலாயில் பேசிவிட்டு அதே மூச்சில் எங்களிடமும் மலாயில் பேசுவாள், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு தமிழுக்கு வருவாள். அவள் சொன்னாள்: "சம்பால் செய்யலாம்மா. அதுதான் நம்ம ஊர்ச் சாப்பாடு."

சம்பால் என்பது மலாய்க்காரர்கள் அரைக்கிற மிளகாய்த் துவையல். கொஞ்ச நேரம் கழித்து வடிவு என்னிடம், "நம்ம ஊருன்னு எதைச் சொல்லுதா பாத்தீகளா" என்று மட்டும் கேட்டாள். பாயில் படுத்திருந்த நான் தூங்குகிறவன்போல் இருந்துவிட்டேன்.

கடைசியில் மொச்சைப் பயறும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு என்று முடிவாயிற்று. அது அத்தை கைப்பக்குவம். எல்லாரும் சாப்பிடலாம், காரத்துக்கும் குறைவிருக்காது. மொச்சையும் வற்றலும் காசிம் ராவுத்தர் கடையில் கிடைத்தன. ராவுத்தர் ராஜபாளையத்துக்காரர், துறைமுகத் தெருவில் பலசரக்குக் கடை. வற்றலை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இது நம்ம பக்கத்துக் கரிசக்காட்டு வத்தல் தம்பி. தொரை தாங்குவாரா?" என்றார். தாங்கட்டும் என்றேன்.

விருந்துக்கு ஒரு வாரம் முன்னால் வடிவு ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். அந்தக் குழம்புக்கு உயிர் கடைசியில்தான் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். குழம்பு கொதித்து வற்றி நிற்கும்போது சட்டியில் நல்லெண்ணெய் காய வேண்டும். கடுகு வெடித்து, வெந்தயம் சிவந்து, உள்ளி வதங்கி, ஒரு கை கறிவேப்பிலையைப் போட்டதும் அப்படியே குழம்பில் கொட்டி மூடியைப் போட்டுவிட வேண்டும். கறிவேப்பிலைக்காகவே வடிவு மண்ணெண்ணெய் டின்னில் ஒரு செடி வளர்த்து வந்தாள். அவள் தாளித்த செத்த நேரத்துக்கெல்லாம் நாலு வீடு தள்ளியிருக்கிற மாடத்தி வந்துவிட்டாள். மாடத்தி தளவாய்புரத்துக்காரி, புருஷனுக்குக் கப்பல் பட்டறையில் வேலை.

"யக்கா, தாளிப்பு வாசம் வாசல்ல வந்து கூப்புடுது. ஒரு கிண்ணம் ஊத்துங்க" என்றாள்.

அன்று சாப்பிட்டுக்கொண்டே ஊரை நினைத்தேன். எங்கள் பக்கத்தில் தெருவில் நடந்தாலே எந்த வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்துவிடும். ஒரு வீட்டிலிருந்து சோறு வேகிற புகை வந்து, தாளிக்கிற சத்தமும் வாசமும் வராமலிருந்தால் அந்த வீட்டில் துக்கம் என்று அர்த்தம். சாவு விழுந்த வீட்டில் பதினாறு முடிகிறவரை எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. கேட்க வேண்டியதில்லை, அந்த வீட்டு வாசலில் நடையை மெதுவாக்கிக்கொண்டு போவோம். இங்கே எல்லா வீட்டிலிருந்தும் எல்லா வாசமும் வருகிறது, எதற்கும் ஒரு அர்த்தமும் இல்லை.

4

விருந்தன்று காலையில் ஆபீஸுக்குப் போகிற வழியில் ராவுத்தர் கடை வாசலில் நின்று என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, செத்த நேரம் உள்ள வந்துட்டுப் போங்க" என்றார்.

மூட்டைகளுக்கு நடுவில் முக்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. வியாழக்கிழமை வந்த கப்பலில் அவர் மகன் ஊரிலிருந்து வந்திருந்தான்.

"மகன் வந்ததும் சொன்னான். நேத்து கடையில கூட்டம், ஒங்களத் தனியாப் பாக்க முடியல. ஒங்க அத்தை அவிய தவறிட்டாக தம்பி. போன மாசம். வீக்கம் வயித்துக்கு ஏறிட்டுதாம். ரொம்பக் கஷ்டப்படலயாம்."

நான் வற்றல் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சிகிட்ட நான் வந்து சொல்லலாம். ஆனா மொதல்ல ஒங்ககிட்டச் சொல்றதுதான் மொறைன்னு நெனச்சேன்."

"நானே சொல்லிக்கிடுதேன் அண்ணாச்சி" என்றேன்.

ஆபீஸில் உட்கார்ந்திருந்தேனே தவிர என்ன எழுதினேன் என்று தெரியாது. இப்போது போய்ச் சொன்னால் அவள் அடுப்பை அணைத்துவிடுவாள், குழம்பு வாய்க்காலுக்குப் போகும். துரையிடம் எதைக் காரணம் சொல்லி ரஜா கேட்பது? உயிரோடிருந்தபோதே நெருங்கிய உறவு இல்லை என்றவர்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். சொன்ன சொல்லுக்காகக் குழம்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது. ரஜாப் பேச்சை எடுக்காமல் இருந்துவிடுவது. சாயங்காலம் வந்து அவளிடம் சொல்லிவிடுவது. அதுவரைக்குமாவது அவளுக்குத் தாய் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பத்து மணிக்குமேல் ரிக்‌ஷா எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வடிவு தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலை முடிந்திருந்தாள். குழம்புப் பானையை மூடி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள்.

"காலையிலயே தலைக்கு ஊத்திட்டயா?" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"பெரிய மனுசருக்குப் போற கொழம்பு. சுத்தமா வைக்க வேண்டாமா?" என்றாள். "தொறந்து பாக்காதீக, சூடு போயிரும்."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அது அப்போது எனக்கு வசதியாக இருந்தது. நான் பானையோடு ரிக்‌ஷாவில் ஏறியதும் வாசல் வரை வந்தாள்.

"மறக்காமக் கேளுங்க" என்றாள்.

சரி என்றேன். வழியெல்லாம் மடியில் பானை சுட்டது.

5

புதுக் கட்டடத்துக் கீழ்த்தளத்தில் நீள மேசை போட்டிருந்தார்கள். சீனக் குமாஸ்தா லிம் வீட்டு மீன் குழம்பு, அகமது வீட்டுச் சம்பால், கந்தையா வீட்டுத் தேங்காய் இடிசம்பல் என்று வரிசையாக இருந்தன. ஒவ்வொருவரும் தம் பாத்திரத்துக்குப் பக்கத்தில், பெண் பார்க்க வந்த வீட்டுத் தகப்பன் மாதிரி நின்றார்கள். துரை கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

நான் துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தேன்.

குழம்பின் மேல் எண்ணெய் மினுங்கவில்லை. கடுகு இல்லை. கறிவேப்பிலை இல்லை. புளித்தண்ணீரும் மசாலும் மொச்சையும் கத்தரிக்காயும் மட்டும், கலங்கிய குளம்போல் இருந்தது.

மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். அவசரத்தில் விட்டிருப்பாளோ என்று நினைத்தேன். ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் விட்டுச் சாப்பிட்டுப் பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. புளி சரியாக இருந்தது. காரம் காதைப் பிடித்து இழுத்தது. இவ்வளவு கணக்காகக் குழம்பு வைத்தவள் தாளிக்க மறக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை முழுதும் வீட்டில் வெறும் மோர்ச்சோறுதான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாளைக்கு வேலையிருக்கு, இன்னைக்கு இது போதும் என்று அவள் சொன்னதும் நான் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டதும் ஞாபகம் வந்தன. காலையிலேயே தலைக்குக் குளித்தது ஞாபகம் வந்தது.

அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தெரியும். தெரிந்துகொண்டே உட்கார்ந்து மசால் அரைத்து, குழம்பு வைத்து, கட்டிக் கொடுத்து, மறக்காமல் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். எண்ணெய்ச் சட்டியை மட்டும் ஏற்றவில்லை.

மேசையைச் சுற்றி நின்ற ஒருவருக்கும் அது தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. கந்தையா மட்டும் ஒரு வாய் வைத்துவிட்டு, "உங்கட ஊரில இப்பிடித்தானோ வைக்கிறது?" என்று கேட்டார். இப்படியும் வைப்பதுண்டு என்றேன்.

துரை சோற்றில் அந்தக் குழம்பை ஊற்றி ஸ்பூனால் பிசைந்து சாப்பிட்டார். முகம் சிவந்து கண்ணில் நீர் கொட்டியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாங்கினார். மற்றதெல்லாம் ஒரு தடவை, இது மட்டும் இரண்டு தடவை. என்னைக் கூப்பிட்டார்.

"இதை யார் செய்தது?"

"என் மனைவி. அவள் தாயாருடைய பக்குவம்" என்றேன்.

"அந்த அம்மாள் சுகமாக இருக்கிறார்களா?"

துரை மரியாதைக்குக் கேட்ட கேள்வி. பக்கத்தில் நின்ற கந்தையா என் முழங்கையை இடித்தார். இப்போது கேள் என்று அர்த்தம். காலையில் நான் எடுத்த முடிவு வேறு. ஆனால் அந்தப் பானையைத் திறந்த பிறகு அந்த முடிவுக்கு இடமில்லை.

"சுகமாக இருக்கிறார்கள்" என்றேன். "வயதாகிவிட்டது. என் மனைவி ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்கிறாள்."

"மனு கொடுத்தாயா?"

"மூன்று தடவை."

துரை கந்தையாவைப் பார்த்தார். கந்தையா கூரையைப் பார்த்தார். கட்டட வேலை முழுதும் முடியட்டும், அடுத்த வருஷம் இதே சமயத்தில் நிச்சயம் அனுப்புகிறேன் என்று சொல்லி, துரை மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

6

நான் திரும்பி வரும்போது வடிவு பின்கட்டில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் காலிப் பானையைக் கீழே வைத்தேன்.

"கேட்டீகளா?"

"கேட்டேன். அடுத்த வருஷம்னு சொல்லியிருக்கார்."

அவள் தலையாட்டினாள். பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"வியாழக்கெழம. மாடத்தி கொழுந்தன் அதே கப்பல்ல வந்திருக்கான். அவ வந்து சொன்னா." பிறகு என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்கு?"

"இன்னைக்குக் காலையில. ராவுத்தர் சொன்னார்."

"ம்" என்றாள். "கொழம்பத் தொறந்ததும் கண்டுபிடிச்சிருப்பீகன்னு நெனச்சேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க கொண்டு போக மாட்டீக. லீவும் கேக்க மாட்டீக."

"இனிமே எதுக்கு லீவு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் செடியிலிருந்து பழுத்த இலை ஒன்றைக் கிள்ளி எடுத்தாள்.

"இங்கன யாரு கூட அழுவேன்?" என்றாள். "மாடத்தி ஒருத்திதான். அவளும் சத்தம் போடாதீகக்கா, பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா என்னமோ ஏதோன்னு ஓடியாந்துருவான்னு சொல்லுதா. நான் அங்கன போயித்தான் அழணும். அழாம இருந்தா எங்க அம்மா போனது போனதாவே ஆகாது. அதுக்குத்தான் லீவு."

அது உண்மை. தாய் இறந்த வீட்டுக்கு மகள் எத்தனை வருஷம் கழித்துப் போனாலும் தெருமுனையிலேயே வண்டியை விட்டு இறங்கி அழுதுகொண்டே நடக்க வேண்டும். சத்தம் கேட்டு வீட்டுக்கு வீடு பெண்கள் வருவார்கள், கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து செத்தவரைப் பேர் சொல்லி அழுவார்கள். பத்து வருஷமானாலும் அன்றைக்குத்தான் செத்தது போல. அந்த வட்டம் பினாங்கில் எங்கே கிடைக்கும்? என்னால் ரஜா வாங்கிக் கொடுக்கத்தான் முடியும். அதுவும் முடியவில்லை.

"தாளிக்கணும்னுதான் இருந்தேன்" என்றாள். "தொரைக்குப் போறது, நல்லா இருக்கணும்னு. எண்ணெயக் கையில எடுத்துட்டேன். ஊத்த முடியல. தொரைக்குத் தெரிஞ்சிட்டுதா?"

"இல்ல. ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டார். அத்தை சுகமான்னு கேட்டார்."

"என்ன சொன்னீக?"

"சுகம்னு சொல்லிட்டேன். அவுகளப் பாக்கத்தானே லீவு கேட்டேன்."

வடிவு பானையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி. ஒங்க ஆபீஸ்லயாச்சும் சுகமா இருக்கட்டும்" என்றாள்.

7

கட்டிக் கொடுத்த மகளுக்கு மூன்று நாள் தீட்டுத்தான் கணக்கு. வடிவு பதினாறும் இருந்தாள். குழம்பில் வாசமே இல்லை என்று செல்லம் தட்டைத் தள்ளிவிட்டு மலாய்க்காரர் வீட்டில் போய்ச் சாப்பிட்டாள். ஆச்சி செத்துப்போனாள் என்று அவளிடம் சொன்னோம். எந்த ஆச்சி என்று கேட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ள எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காத ஆளுக்குப் பிள்ளை எங்கிருந்து அழுகையைக் கொண்டுவரும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. துரை என்னைத் தாழ்வாரத்தில் பார்க்கும்போதெல்லாம், "அந்த அம்மாள் எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்க ஆரம்பித்தார். நானும் சுகம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முதல் தடவை வீட்டில் வந்து சொன்னபோது வடிவு கோபப்படுவாள் என்று பயந்தேன். அவள் கோபப்படவில்லை. இரண்டு வாரம் போனதும் அவளே கேட்டாள்.

"இன்னைக்குக் கேட்டாரா?"

கேட்டார் என்றால், "என்ன சொன்னீக?" என்பாள். கால் வீக்கம் வற்றிவிட்டது என்று சொன்னேன் என்பேன். புரட்டாசியில் மலையேறினார்கள் என்று சொன்னேன் என்பேன். அதையெல்லாம் நான் துரையிடம் சொன்னதும் உண்டு, சொல்லாததும் உண்டு. வடிவு கேட்டுக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். இந்த ஒரு வருஷமாக என் அத்தை துறைமுக ஆபீஸில் நடமாடிக்கொண்டிருக்கிறார். வடிவு இன்னும் ஒரு சொட்டு அழவில்லை.

இதனால்தான் அதே குழம்பு வராது என்று கந்தையாவிடம் சொன்னேன். வடிவும் அதையேதான் சொன்னாள். "அதை ஒரு தடவதான் வைக்கணும். இந்தத் தடவ மொறையா வைக்கேன்" என்றாள்.

நேற்று விருந்து நடந்தது. குழம்பு மொச்சைக் குழம்புதான். வேறு எதையும் அவள் யோசிக்கவில்லை. நல்லெண்ணெய் மிதக்க, கடுகும் வெந்தயமும் கறிவேப்பிலையுமாக அவள் தாளித்ததும் மாடத்தி மறுபடியும் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். மூடியைத் திறந்தபோது லிம் தன் நாற்காலியிலிருந்து எழுந்து பார்த்தார். கந்தையா, "இதுதானே குழம்பு" என்று இரண்டு தடவை வாங்கினார்.

துரை ஒரு தடவைதான் வாங்கினார்.

சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டு ரஜா உத்தரவில் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். வருகிற கப்பலுக்கே கிளம்பலாம். எனக்குக் கை கூப்பத்தான் தோன்றியது. பிறகு அவர் தட்டைக் காட்டிச் சொன்னார்: "இது நன்றாக இருக்கிறது. ஆனால் போன வருஷத்துக் குழம்புதான் குழம்பு. அந்த அம்மாளிடம் நான் சொன்னேன் என்று சொல்."

நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் ரஜா கிடைத்ததை வடிவிடம் சொன்னேன். அவள் பெட்டியை இறக்கிவிட்டாள். சாத்தூரில் ரயிலை விட்டு இறங்கி வண்டி பிடிக்கும்போதே வண்டிக்காரனிடம் சொல்லிவிட வேண்டுமாம், வாசல் வரைக்கும் ஓட்டக் கூடாது, தெருமுனையில் நிறுத்த வேண்டும் என்று. அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். செல்லத்தைக் கூப்பிட்டு, "நான் எறங்கி நடக்கும்போது பயப்படாதட்டி, எங்கையப் பிடிச்சுக்கோ" என்றாள். செல்லம் எதற்கு என்று கேட்கவில்லை.

துரை சொன்ன சேதியைச் சொல்வதா வேண்டாமா என்று வெகு நேரம் யோசித்தேன். கடைசியில் சொன்னேன். போன வருஷத்துக் குழம்புதான் குழம்பு, அத்தையிடம் சொல்லச் சொன்னார் என்று.

வடிவு என் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"சொல்லிருவோம்" என்றாள்.